இத்தாவுக்கு ஒரு விசா

பிப்ரவரி 14, புதன்

இந்த டைரி அவருடையது. ரத்தினக் கல் வியாபாரக் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்வார், எழுத மாட்டார். அலமாரியில் சும்மா கிடந்ததை நான் எடுத்துக்கொண்டேன். பேச ஆள் இல்லாத வீட்டில் பேனாவோடாவது பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அவர் மௌத்தாகிவிட்டார். ஒரு மாதமாகப் படுக்கை, ஈரல் கெட்டுப்போயிருந்தது. மறுநாள் காலையிலேயே அடக்கம். காயல்பட்டினத்தில் என்றால் தெருவே திரண்டிருக்கும். இந்தச் சந்தபுரியில் கல் தெரு வியாபாரிகள் இருபது பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன்.

இனி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. புருஷன் மௌத்தான வீட்டிலேயே இருக்க வேண்டும். வெள்ளைச் சேலை. நகை இல்லை, அத்தர் இல்லை, அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. சிறு வயதில் எங்கள் மாமி இத்தா இருந்ததைப் பார்த்து, 'ஒரு அறைக்குள் இத்தனை நாள் என்ன செய்வாள்' என்று யோசித்திருக்கிறேன். ஒன்றும் செய்ய மாட்டாள் என்பது இப்போது தெரிகிறது.

கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம். அவர் தாய்லாந்தில் கல் வியாபாரம், நான் ஊரில் உம்மா கொடுத்த வீட்டில். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. மற்றபடி வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போன். எடுத்தவுடன், "சாப்ட்டியா புள்ளெ?" அந்த ஒரு கேள்வியை நம்பி முப்பத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன். கடைசி இரண்டு வருஷம்தான் ஒரே வீட்டில், இந்த வீட்டில். பிள்ளை இல்லை. அது அல்லாஹ் நாட்டம்.

பிப்ரவரி 16, வெள்ளி

மதியம் மணி இரண்டு ஆனதும் கை தானாகப் போனைத் தேடியது. அவர் இதே வீட்டில் இருந்த இரண்டு வருஷமும் தேடாத கை.

மீரா சாகிபு காக்கா வந்தார். இவரோடு ஒன்றாகக் கப்பல் ஏறியவர், எங்கள் ஊர்க்காரர், இவருக்கு அண்ணன் மாதிரி. நான் கதவுக்கு உள்ளே, அவர் வெளியே செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டு பேசினார்.

"மச்சி, ஒரு விஷயம். சொல்லாம இருக்க ஏலாது."

"சொல்லுங்க காக்கா."

"உங்க விசா மொகுதூம் விசாவுலதான் தொங்கிக்கிட்டு இருந்திச்சு. இப்ப அவன் போயிட்டான். கொம்பு ஒடிஞ்சா கொடியும் கீழதான். ஆபீசுல வந்து சொல்லிட்டு, நாட்டை விட்டுப் போகணுமாம். ஒரு வாரமோ பத்து நாளோ தருவாஹளாம்."

"இத்தாவுல இருக்கிற பொம்பளெ எப்படிப் போறது?"

"அவங்களுக்கு இத்தாவும் தெரியாது, பித்தாவும் தெரியாது மச்சி."

ரிட்டயர்மென்ட் விசா என்று அவர் முதலில் போனில் சொன்னபோது, வயசானவர்களை மரியாதையாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார்கள் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, எட்டு லட்சம் பாத் பேங்கில் போட வேண்டும், அவர் ஒருவர் பெயரில், தொடாமல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'இங்கேதான் இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். உம்மா எனக்கு எழுதிவைத்த வீட்டுப் பங்கைத் தங்கச்சி ஜுலைகாவுக்கே கொடுத்துவிட்டு அந்தப் பணத்தைக் கொண்டுவந்தேன். அது இப்போது பேங்கில் மௌத்தானவர் பெயரில் கிடக்கிறது. கோர்ட்டு வழியாகத்தான் வருமாம்.

காயல் பொம்பளைக்கு வேறு எது இல்லாவிட்டாலும் வீடு இருக்கும். நான் அதையும் கரைத்துவிட்டவள்.

பிப்ரவரி 19, திங்கள்

விசா ஏஜென்ட் பிம் வந்தாள். பெண் என்பதால் உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல, ஆனாலும் கதை நடந்தது. கண் கலங்கியிருந்தாள். நல்ல பெண்.

இவரைப் பற்றிச் சொன்னாள்: "உங்கள் கணவர் விசித்திரமான ஆள். பாதிப் பணத்தில் முடிகிற விசா ஒன்று இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார். என் மனைவி பெயர் இருக்கிற விசாதான் வேண்டும் என்றார்."

"பாதிப் பணத்தில் யாருக்குக் கொடுப்பார்கள்?" என்று கேட்டேன்.

தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்தவர்களுக்கு என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்திருக்க வேண்டும், ஆனால் டீயைக் குடித்தாள்.

'என் மனைவி பெயர் இருக்கிற விசா.' அவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. இறந்த பிறகு ஏஜென்ட் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. பிம் போன பிறகு நிறைய அழுதேன்.

பிப்ரவரி 21, புதன்

ஜுலைகா போனில் ஒரே பிடி.

"ராத்தா, வந்துடுங்க. இத்தாவை இங்கெ வந்து இருங்க. ஆலிம்சாட்டெ கேட்டுட்டேன், நிர்ப்பந்தம்னா கூடும்னு சொல்றாஹ."

"அந்த ஆலிம்சாட்டெ இன்னொண்ணும் கேளு. பகல்ல ஆபீசுக்குப் போயிட்டு பொழுதடைய மஹ்ரிபுக்குள்ள வீடு திரும்புனா கூடுமான்னு."

"அங்கெ தனியா என்னா செய்யப் போறீங்க?"

"அவஹ மௌத்தான வீடு இது. நான் முப்பத்திரண்டு வருஷம் அவஹ இல்லாத வீட்ல இருந்தேன். இந்த நாலு மாசம் அவஹ இருந்த வீட்ல இருந்துட்டுப் போறேன்."

அவள் அழுதாள். நான் அழவில்லை. பிடிவாதம் வந்தால் எனக்குக் கண்ணீர் வராது. ராத்திரிக்குள் பதில் அனுப்பிவிட்டாள்: பகலில் போய் வரலாமாம்.

பிப்ரவரி 23, வெள்ளி

வீட்டைத் துடைத்தேன். வேறு வேலை இல்லாதபோது வீடு அதிகமாகக் கண்ணில் படுகிறது.

இது வாடகை வீடு. வாடகையை அவரே கொடுத்துவிடுவார், வீட்டுக்காரர் யார் என்று நான் கேட்டதில்லை. ஆனால் எனக்கு முன்னால் இங்கே ஒரு பொம்பளை இருந்திருக்கிறாள். சமையலறைத் தட்டெல்லாம் என்னைவிட ஒரு சாண் குட்டையானவளுக்கு அடித்தது, பாத்திரம் எடுக்க நான் குனிய வேண்டும். அரிவாள்மனைக்குப் பதிலாக ஒரு கத்தி, பிடியில் துணி சுற்றி, சுற்றிய துணி கைபட்டுக் கறுத்து. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, தொழுகை அங்கியை மாட்டுகிற உயரத்தில். நானும் அதில்தான் என் தொழுகைத் துப்பட்டியை மாட்டுகிறேன். சில நாள் தொழுதுவிட்டு எழும்போது பக்கத்தில் யாரோ இன்னும் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கவில்லை என்பது போல் இருக்கும். அவர் இருந்தபோதே அப்படித்தான். சொன்னால், "உனக்கு மண்டை சூடு புள்ளெ" என்பார்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளைக்கு வீடு கிடையாது. உம்மா வீட்டில் பிறப்பான், பெண்டாட்டி வீட்டில் மௌத்தாவான். நான் இங்கே வந்து இறங்கிய அன்று, "ஊர் வழக்கத்தைத் திருப்பிப் போட்டுட்டீங்களே, என்னையக் கொண்டாந்து உங்க வீட்ல வச்சிட்டீங்களே" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

வாசல் மல்லிகைச் செடி வாடிப்போயிருக்கிறது. தினமும் சுப்ஹுக்கு எழுந்து பார்த்தால் அடி மண் நனைந்திருக்கும். அவர்தான் ஊற்றுகிறார் என்று இருந்தேன். ஆனால் அவர் படுக்கையில் விழுந்த பிறகும் நனைந்துதானே இருந்தது? அவர் மௌத்தான பிறகுதான் காய்கிறது. யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டி நானே ஊற்றினேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஆபீசுக்குப் போய் வந்தேன். கார் கண்ணாடியில் துணி கட்டி, முகத்தை மூடிக்கொண்டு. அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். பிம் இத்தாவை எப்படி விளக்கினாளோ, அவர் கைகூப்பினார். ஆனால் சட்டம் கைகூப்பவில்லை. மார்ச் கடைசி வரைக்கும் மட்டும் இருக்கலாம். ஜூன் வரைக்கும் வேண்டுமென்றால் வீட்டுச் சொந்தக்காரரே நேரில் வந்து, இந்தம்மாள் என் வீட்டில் இருக்கிறாள், இவளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட வேண்டும்.

"வீட்டுக்காரவங்க யாரு காக்கா? வருவாஹளா?" என்று மீரா சாகிபு காக்காவிடம் கேட்டேன்.

"கேட்டுப் பாக்குறேன் மச்சி."

"தெரிஞ்சவங்கதானே?"

"தெரிஞ்சவங்கதான்," என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

மார்ச் 1, வெள்ளி

ஒரு ஆத்திரத்தை எழுதிவிடுகிறேன். எதிரே ரொட்டிக் கடை வைத்திருக்கும் கா மரியம் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை. 'கா' என்றால் இங்கத்து முஸ்லிம்கள் பேச்சில் ராத்தா. தெற்கே பட்டானிப் பக்கத்துக்காரி, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கீழே கடை, மேலே ஒரு மச்சறை. நான் வந்த நாளிலிருந்து தினம் ஏதாவது கொண்டுவந்து கேட்டில் நின்று கொடுப்பாள். தமிழ் ஒரு வார்த்தை வராது என்று இவர் சொன்னார், எனக்குத் தாய்லாந்து பாஷை வராது, சிரிப்பு மட்டும்தான் எங்களுக்குள் பாஷை. எத்தனை கூப்பிட்டாலும் உள்ளே வர மாட்டாள். ஒரே ஒரு தடவை வந்தாள். கரண்ட் போய் நான் கத்தியபோது ஓடிவந்தாள், இருட்டில் நேராகக் கதவுக்குப் பின்னால் போய் ஸ்விட்ச் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள். இங்கே எல்லா வீட்டையும் ஒரே மாதிரிதான் கட்டுவார்கள் போல.

அவ்வளவு பழகியவள், மய்யித்து எடுக்கும்போதுகூட இல்லை. அன்றைக்கு இறக்கிய ஷட்டர் இன்னும் ஏறவில்லை. காக்காவிடம் கேட்டதற்கு, "பட்டானிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கு" என்றார்.

ஊருக்குப் போகிறவள் சொல்லிவிட்டுப் போக வேண்டாமா?

மார்ச் 5, செவ்வாய்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

மஹ்ரிபு நேரத்தில் ஜன்னல் திரையை இழுத்துவிடப் போனேன். எதிர்க்கடை மேல்மச்சில் வெளிச்சம். திரைக்குப் பின்னால் ஓர் உருவம், என்னைப் பார்த்தபடி அசையாமல். ஷட்டர் பூட்டிய வீடு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் அணைந்தது. அப்புறம் இருட்டுக்குள்ளிருந்து யாஸீன் ஓதும் சத்தம், மெல்ல. நம் ஊர் ஓதல் இல்லை, இழுத்து இழுத்து ஓதும் வேறு ராகம்.

பயந்தேன். ஜின் என்றால் குர்ஆன் ஓதும் ஜின்னும் உண்டு என்று வாப்பா சொல்வார்கள். நானும் உட்கார்ந்து சத்தமாக ஓதினேன், அந்தச் சத்தம் காதில் விழாதபடி.

மார்ச் 8, வெள்ளி

மூன்று நாளும் அதே நேரம், அதே சத்தம். காக்காவிடம் சொன்னேன். "பள்ளிவாசல் மைக்கா இருக்கும் மச்சி" என்றார். பள்ளிவாசலில் பொம்பளையா ஓதுகிறாள்?

மார்ச் 12, செவ்வாய்

தலை நோன்பு, ரமலான் முதல் நாள். அவர் இல்லாமல் நோன்பு பிடிப்பது எனக்குப் புதிதில்லை, அதுதான் பெரிய வேதனை. போன வருஷம் இந்த நாள் நாங்கள் இருவரும் ஒரே சஹன் தட்டில் கஞ்சி குடித்தோம். கா மரியம் எங்கள் ஊர் வாடா சுட்டுக் கொண்டுவந்தாள். அப்படியே காயல் வாடா, உள்ளே தேங்காயும் கறியும் வைத்து. 'நீங்களா சொல்லிக் கொடுத்தீங்க?' என்று இவரைக் கேட்டேன். ஆமாம் என்றார். வெந்நீர் வைக்கத் தெரியாத மனிதர்.

இன்றைக்கு நோன்பு திறக்கும் முன் காக்கா ஒரு தூக்குச்சட்டியை வாசலில் வைத்துவிட்டு, "பள்ளியில குடுத்தாஹ" என்றார். கஞ்சி. மேலே தாளில் சுற்றி இரண்டு வாடா.

பிறையைப் பார்த்து துஆ கேட்டேன்: வீட்டுக்காரர் மனசை இளக்கு ரஹ்மானே, இந்த மாதக் கடைசியில் என்னைத் தெருவில் விட்டுவிடாதே.

மார்ச் 20, புதன்

வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 26, செவ்வாய்

ஆபீசில் நல்ல கூட்டம். வெள்ளைக்காரக் கிழவர்கள் பாதிப்பேர், கையில் பேங்கு புத்தகத்தோடு, பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்க நிற்பவர்கள் மாதிரி. இந்த வயசில் ஒரு நாட்டிடம் 'இன்னும் ஒரு வருஷம் இருந்துகொள்ளட்டுமா' என்று கேட்டு நிற்பது என்ன பிழைப்பு. இவரும் இப்படித்தானே வந்து நின்றிருப்பார்.

என்னைச் சுவர் ஓரமாக உட்கார வைத்தார்கள். "வீட்டுக்காரவங்க வந்துட்டாஹளா?" என்று கேட்டதற்குக் காக்கா, "அவங்க தனியா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாஹ, நீங்க பாக்க வேணாம்" என்றார். ஆம்பிளை போல, அதனால்தான் பார்க்க வேண்டாம் என்கிறார் என்று இருந்தேன்.

கூடத்தின் அந்தக் கோடியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து கால் வரை வெள்ளை. அத்தனை கூட்டத்தில் வெள்ளை உடுத்தியது நாங்கள் இரண்டு பேர்தான். பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள். குட்டை. என்னைவிட ஒரு சாண் குட்டை. மேஜையருகே போய்க் கையெழுத்துப் போட்டாள். அதிகாரி அவளிடம் ஏதோ கேட்டார், அவள் என் பக்கம் திரும்பாமலே தலையை ஆட்டினாள். பிம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்பக்கக் கதவு வழியாக அந்தப் பொம்பளை போனாள்.

எனக்கு ஜூன் முப்பது வரை முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

மஹ்ரிபுக்கு முன் வீடு வந்து சேர்ந்தோம்.

மார்ச் 27, புதன்

அவர் எங்கள் ஊர் வழக்கத்தைத் திருப்பிப் போடவே இல்லை. பெண்டாட்டி வீட்டில்தான் மௌத்தாகியிருக்கிறார்.

மார்ச் 30, சனி

அவர் டீ குடிக்கும் கோப்பையை உடைத்தேன். கை தவறி இல்லை. வாசலில் கிடந்த அவர் செருப்பைக் குப்பையில் போட்டேன், மறுபடி எடுத்துக் கழுவி வைத்தேன். கோபம் யார் மேல் என்று எழுத மாட்டேன். மௌத்தானவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும். பேசாமல் இருப்பதற்குத் தடை இல்லை.

இரண்டு நாள் தூக்குச்சட்டியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். பேரீச்சம்பழமும் தண்ணீரும் போதும்.

சாயங்காலம் அந்த ஓதல் கேட்டது. ஜன்னலை அடைத்தேன்.

ஏப்ரல் 10, புதன்

நோன்புப் பெருநாள். வெள்ளைச் சேலையில் ஒரு பெருநாள். தெருவில் யாரோ தக்பீர் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மஹ்ரிபு தொழுதுவிட்டு அவருக்காக யாஸீன் ஓத உட்கார்ந்தேன். கோபத்தில் பல நாளாக அவருக்கு ஓதவில்லை. புழுக்கம் தாங்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். பாதியில் நின்றுவிட்டேன். மனப்பாடமான சூரா, சின்ன வயசிலிருந்து ஓதுவது, அடுத்த ஆயத்து வரவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

எதிர்மச்சிலிருந்து, நான் விட்ட இடத்தில் இருந்து, அந்தக் குரல் ஓத ஆரம்பித்தது. கடைசி வரை ஓதி முடித்தது. நான் ஆமீன் சொன்னேன். ஜன்னலை அடைக்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

தூக்குச்சட்டி வந்தது. சாப்பிட்டேன். காலியாக அனுப்பக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியில் கொஞ்சம் போட்டு அனுப்பினேன்.

மே 3, வெள்ளி

ஜுலைகாவோடு பேசினேன். டிக்கெட் ஜூன் இருபத்தெட்டுக்குப் போட்டாயிற்று. மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறாளாம். "உங்க வீடுதானே ராத்தா" என்கிறாள். என் வீடு எட்டு லட்சம் பாத்தாக மாறிப் பேங்கில் இருக்கிறது, பிம் வக்கீல் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்போது வருமோ. வந்தாலும் முழுதாக வராது.

இத்தா முடிகிற அன்று குளித்து, பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுத்துணியை உடுத்துவது வழக்கம். சேலை அனுப்புகிறேன் என்றாள்.

"ரெண்டு அனுப்பு" என்றேன்.

"ரெண்டா? இன்னொண்ணு எதுக்கு ராத்தா?"

"இருக்கட்டும். ரெண்டாவது கொஞ்சம் நல்லதா, பச்சையில பாரு. ஜாக்கெட்டு ஒடம்புக்குப் பிடிக்காம லூசா தைக்கச் சொல்லு. கைக்கு நீளம் வேணாம், குட்டக் கை போதும்."

"உங்களுக்குக் குட்டக் கை எப்படிப் பத்தும்?"

"சொன்னதச் செய்யி."

மே 17, வெள்ளி

வாசலில் நின்ற காக்காவிடம் கேட்டேன்: "பட்டானிக்குப் போனவங்க எப்ப வாராஹளாம்?"

"இன்னும் தெரியல மச்சி. அங்கெ ஏதோ வேலையாம்."

"ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு வருவாஹ," என்றேன். "அதுக்கு முன்னாடி வர மாட்டாஹ."

அப்புறம், "மச்சி, மொகுதூம் கெட்டவன் இல்ல" என்றார்.

"நான் கேக்கலையே காக்கா."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.

ஜூன் 6, வியாழன்

பார்சல் வந்துவிட்டது. பச்சை நல்ல பச்சை.

மல்லிகை மொட்டு விட்டிருக்கிறது. இத்தாவில் பூ வைக்கக்கூடாது. பறிக்காமல் விட்டுவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

ஹஜ்ஜுப் பெருநாள். இன்று மஹ்ரிபோடு என் இத்தாக் கணக்கு முடிகிறது.

பாதிப் பணத்தில் முடிந்திருக்கும் என்று பிம் சொன்னதை இன்றைக்கும் நினைத்துக்கொண்டேன். அந்த விசாவில் என் பெயர் இருந்திருக்காது. இந்த விசாவில் வேறு ஒரு பெயர் இல்லை. ஆபீஸ் காகிதத்தில் அந்தப் பெயருக்கு வீட்டுக்காரி என்பதைத் தவிர வேறு இடம் கிடையாது. அப்படி இருந்தும் வந்து, 'இவளுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். நானாக இருந்தால் போட்டிருப்பேனா? தெரியவில்லை. போட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

காலையில் தலைக்குக் குளித்தேன். ஜுலைகா அனுப்பிய ஊதா நிறச் சேலையை உடுத்தினேன். கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தது. பச்சைச் சேலையையும் ஜாக்கெட்டையும் தட்டில் வைத்து, மேலே மல்லிகை ஒரு கைப்பிடி பறித்துப் போட்டு, வீட்டுச் சாவிக்கொத்தில் ஒரு சாவியைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். இன்னும் பத்து நாளைக்கு எனக்கு ஒரு சாவி போதும்.

கதவைத் திறந்து தெருவில் கால் வைத்தபோது தலை சுற்றியது. வெயில் கண்ணில் குத்தியது. எதிர்க்கடை ஷட்டர் இறங்கியே இருந்தது, பக்கத்தில் மாடிக்குப் போகும் சின்னக் கதவு. தட்டினேன். என்ன பேசுவது என்று ஒன்றும் தயார் செய்யவில்லை. எனக்குத் தாய்லாந்து பாஷை வராது, அவளுக்குத் தமிழ் வராது, அது ஒரு வசதி என்றுகூட நினைத்தேன்.

படியில் காலடிச் சத்தம். கதவு திறந்தது. கா மரியம் வெள்ளையில் நின்றாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். அவளுக்குப் புதுத்துணி கொண்டுவர யாரும் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. தட்டைப் பார்த்தாள். சேலையை, பூவை, சாவியை. வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தவள் போல. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

நான் தட்டை நீட்டியபடியே நின்றேன். இரண்டு பேரும் அழவில்லை.

அப்புறம் அவள் வாயைத் திறந்தாள். தமிழ். அச்சாக அவருடைய தமிழ். அதே இழுப்பு, அதே இடத்தில் குரல் இறங்குவது. முப்பத்திரண்டு வருஷம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் நான் கேட்ட அந்தக் கேள்வியை, இந்தப் பக்கம் அவர் அருகில் இருந்து கேட்டுக் கேட்டே படித்திருக்கிறாள்.

"சாப்ட்டியா புள்ளெ?"

இல்லை என்றேன். கதவை அகலத் திறந்து வழி விட்டாள். நான் உள்ளே போனேன்.